நானே வாட்டி உருட்டிய இலை

என் வயிற்றிலிருந்து எடுத்த நீரைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இதுவரை ஐந்து கதைகள் கேட்டுவிட்டேன். வாளி வாளியாக எடுத்தார்கள் என்று ஒரு கதை. அதில் புழு நெளிந்தது என்று இன்னொன்று. மச்சினன் வைத்த சூனியம் என்று, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் நின்றுகொண்டே பேசினார்களாம். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

என் பெயர் இராசலிங்கம். லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன். கொழுந்து வாட்டும் மாடிதான் என் இடம். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பதம் வந்ததும் உருட்டும் மெஷினுக்கு இறக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் பதம் எனக்குத் தெரிந்துவிடும். சாக்கின் மேலே நல்ல கொழுந்தைப் போட்டு அடியில் முத்தல் இலையை ஒளித்து அனுப்புவார்கள். முழங்கை வரை கையை விட்டு அதை வெளியே இழுத்துப் போடுகிற ஆள் நான். பெக்டரியில் அந்தக் குணத்துக்கு மதிப்பு உண்டு. வீட்டில் அதற்குச் சந்தேகப் பிசாசு என்று பெயர். பெயர் வைத்தது என் மனைவி சரசு. அவள் கொழுந்து பறிக்கிறவள், நிறையப் பேச மாட்டாள்.

மாடிப் படி ஏறி இறங்கி வலது முட்டி வீங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கிளினிக்கில் தந்த மாத்திரைக்கு இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் திரும்ப வீங்கும். அப்போது சரசுவின் தம்பி தியாகு ஒரு கட்டு இலையோடு வந்தான். அவன் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் களைநாசினி அடிக்கிறவன். வலப்பனையில் ஒரு வெத மாத்தயா, அதாவது சிங்கள நாட்டு வைத்தியர், அவனுடைய தோளுக்கு அந்த இலையைக் கட்டிவிட்டாராம்.

"அத்தான், இது முத்தின இலை. அரைச்சு முட்டிக்கு மேல பத்துப் போடுங்க. மூணு நாள் போட்டா போதும்" என்றான்.

மஞ்சள் பூப் பூக்கும் செடி அது. காய் காய்ந்து முற்றினால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஆடும். முன்பு தேயிலைக்கு உரமாகட்டும் என்று தோட்டங்களிலேயே வரிசைக்கு இடையில் நட்டிருந்தார்கள். இப்போது அது தானாகவே ஓடைக் கரையெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. சரசு அம்மியில் அரைத்துப் போட்டாள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. எனக்கே ஆச்சரியம்.

வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டு நிறுத்தியிருப்பான். நான் யோசித்தேன். ஏன் இவன் முத்தல் இலையாகப் பார்த்துக் கொண்டு வந்தான்? இருபத்தாறு வருஷமாக முத்தல் இலையை வெளியே வீசுகிறவன் நான். சரக்கு எல்லாம் கொழுந்தில்தான் இருக்கும் என்பது தேயிலைக்காரனுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? கொழுந்தைத் தனக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அக்கா வீட்டுக்குத் தள்ளியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக் கரைக்குப் போனேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, தேயிலை பறிப்பது போலவே, அந்தச் செடியின் நுனியை மட்டும் பறித்தேன். சாக்கில் பரப்பி வாட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். ஈரத்துணி போட்டு மூடி வைத்து, நிறம் மாறியதும் அடுப்புக்கு மேலே தகரத்தில் காய வைத்தேன். கறுப்பாக, முறுக்காக, முதல் தரத் தூள் மாதிரியே வந்தது. கொதிநீரில் போட்டால் லேசான கசப்பு, பச்சைப் பயறு வாடை. காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை. வெளியில் பூசியே வற்றுகிறது என்றால் உள்ளே போனால் எப்படி வேலை செய்யும் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்கவில்லை. பக்குவத்தைத் திருடிவிடுவார்கள் என்று பயம். பாக்கெட்டில் அடைத்து ஹட்டன் கடைகளுக்குப் போடலாம், அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஐந்து வாரம் போயிருக்கும். காற்சட்டை இறுக்க ஆரம்பித்தது. பெக்டரியில் எல்லோரும் கேலி செய்தார்கள். "லிங்கண்ணே, எத்தனை மாசம்?" என்று உருட்டும் மெஷின்காரன் கேட்டான். நானும் சிரித்தேன். பிறகு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம் உட்கார்ந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எடை ஏறியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயு என்று மாத்திரை தந்தார்கள். வாயு என்றால் வெளியே போக வேண்டும், இது போகவில்லை.

அப்போதுதான் என் மூளை தியாகுவின் பக்கம் திரும்பியது. விஷம் தெளிப்பதே அவன் தொழில். புதிய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணி சரசுவின் பெயரில் இருக்கிறது. அதன் ஓரத்தில் தனக்கும் ஒரு அறை போட்டுக்கொள்ளலாமா என்று அவன் ஒரு தடவை கேட்டிருக்கிறான். அந்த மாதம் இரண்டு தடவை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தும் போனான். ஒரு தடவை நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி பக்கத்தில் நின்று கை கழுவினான். எனக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சரசுவிடம் சொன்னேன். "இனிமே நான் திங்கிறது, குடிக்கிறது எல்லாத்தையும் நீ மொதல்ல பாதி எடுத்துக்க. அரை மணித்தியாலம் கழிச்சு நான் எடுத்துக்கிறேன்."

"என் தம்பிய அப்படியா நெனக்கிறீங்க?"

"உன் தம்பிய நான் ஒன்னும் சொல்லல. தண்ணியத்தான் சொல்றேன்."

அவள் தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியைச் சாப்பிட்டாள். என் தூளில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை நானே செய்தேன். ஆனால் அதை ஊற்றுகிற தண்ணீர் பீலியிலிருந்து வருகிறதே! அதனால் அந்தத் தேத்தண்ணியிலும் பாதியை அவள்தான் முதலில் குடித்தாள், காலையிலும் மாலையிலும்.

மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் மழை. வெளிநோயாளர் வாங்கில் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிடச் சுகமாக இருப்பதுபோல் தெரிந்தது. இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி, கையளவு கருவியை நகர்த்திப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னும் ஒருவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் சேர்ந்து என் வயிற்றைப் பார்த்துச் சிங்களத்தில் மெதுவாகப் பேசியபோது காதைத் தீட்டிக்கொண்டேன். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர்கள் சொன்ன சொற்களில் பாதி ஆங்கிலம்.

வார்ட்டில் என்னைப் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழை மெதுவாக, நல்ல மரியாதையோடு பேசுவார்.

"ஐயா, சாராயம் எவ்வளவு குடிக்கிறது?"

"குடிக்கிறதே இல்லைங்க டொக்டர்."

"உண்மை சொன்னாத்தான் எனக்கு லேசி."

"சத்தியமா இல்லைங்க."

அவர் நம்பவில்லை. தோட்டத்து ஆண், கல்லீரல் வீக்கம் என்றால் யாருக்கும் முதலில் சாராயம்தான் ஞாபகம் வரும். என்னைச் சந்தேகப்படுகிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த கேள்வியை நிதானமாகக் கேட்டார்.

"நாட்டு மருந்து, கசாயம், கொலகெந்தக் கஞ்சி, வேற ஏதாவது இலை குடிச்சதா?"

"இல்லைங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று என்னை நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இலை என்று சொன்னால் இலைதான் காரணம் என்று எழுதிவிட்டு விஷத்தைத் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். தியாகு தப்பித்துவிடுவான் என்று நினைத்தேன். அதற்கும் மேலே, என் தூளின் பக்குவத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு நினைப்பு. சரசு கட்டில் ஓரத்தில் நின்றாள். வாயைத் திறக்கப் போனவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் டொக்டர் ஒரு பழைய சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். குடலிலிருந்து வரும் இரத்தம் எல்லாம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகி, மயிரளவு குழாய்கள் வழியாக வெளியேறி இதயத்துக்குப் போக வேண்டும். எனக்கு அந்த வெளியேறும் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. உள்ளே வந்தது போக வழியில்லாமல் கல்லீரல் உப்பி, அதன் நீர் வயிற்றுக்குள் கசிகிறது. வாட்டும் மாடியில் காற்றுப் போகும் சன்னலை எல்லாம் அடைத்துவிட்டால் சுவரில் வேர்த்து ஒழுகுமே, அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். அடைத்தது எது என்று அவருக்கே தெரியவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தேடவிட்டுவிட்டுப் படுத்திருந்தேன்.

இடது பக்கம் அடிவயிற்றை மரத்துப்போக வைத்து ஊசி இறக்கி, ஒரு குழாயால் நீரை எடுத்தார்கள். வலிக்கவில்லை. ஆனால் தேன் நிறத்தில் போத்தலில் நிறைவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. புழு எதுவும் இல்லை, அதை இங்கே எழுதிவிடுகிறேன். உப்பில்லாத சாப்பாடு, நீர் இறங்க மாத்திரை. தினமும் காலையில் எடை பார்ப்பார்கள், தொப்புளுக்கு மேலே நாடாவைச் சுற்றி வயிற்றை அளப்பார்கள். தையல்காரனிடம்கூட நான் இத்தனை தடவை அளவு கொடுத்ததில்லை.

முதல் மூன்று நாள் அளவு குறைந்தது. அந்த நாட்களில் மண்சரிவால் பாதை மூடிக் கிடந்தது, சரசுவால் வர முடியவில்லை. நான்காம் நாள் பிளாஸ்கோடு வந்தாள். அதில் என் தூள் தேத்தண்ணி. கொண்டு வரச் சொன்னது நான். நர்ஸ் மிஸ்ஸிமார் பார்க்காமல் கொண்டு வா, உடம்பில் தெம்பு இல்லை என்று போனில் சொல்லியிருந்தேன். மூடிக் கோப்பையில் ஊற்றி அவள் முதலில் குடித்தாள். நான் அரை மணித்தியாலம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குடித்தேன். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் நாடாவின் அளவு திரும்ப ஏறியது. டொக்டர் பழைய அளவையும் புதிய அளவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுச் சாப்பாட்டில உப்பு போடுறதா?" என்று கேட்டார்.

இல்லை என்று சரசு தலையாட்டினாள். எனக்கு ஆஸ்பத்திரி மாத்திரை மேல் சந்தேகம் வந்தது. வெள்ளை மாத்திரையை விழுங்குவது போல் நடித்து, தலையணை உறைக்குள் ஒளித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்தார் என்று அவர் மேலும் சந்தேகம் வந்தது.

அந்த வாரம்தான் தியாகு தோடம்பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். "எப்படி அத்தான் இருக்கு?" என்று அவன் கேட்டு முடிக்கவில்லை, வார்ட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"வச்சதையும் வச்சிட்டுப் பாக்க வேற வந்தியா? காணிக்கு ஆசைப்பட்டுத்தானேடா செஞ்ச?"

அவன் பையைக் கட்டிலில் வைத்தான். "நான் உங்களுக்கு என்னா அத்தான் வச்சேன்?" என்று கேட்டான். குரல் நடுங்கியது. குற்றவாளிக்குத்தான் குரல் நடுங்கும் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அவன் போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பொலிஸ் காவலறைக்குப் போனேன். அங்கே இருந்த சார்ஜனிடம், மச்சினன் எனக்குக் களைநாசினி வைத்திருக்கிறான் என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தியாகுவை அவனுடைய தோட்டத்தில் எல்லோரும் பார்க்க ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாள் முழுக்க விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். சரசு அதைக் கேள்விப்பட்டுவிட்டுத்தான் வந்தாள். பிளாஸ்கைத் திறந்து தன் பங்கை ஊற்றிக் குடித்தாள்.

அன்று வார்ட்டில் இருந்த மிஸ்ஸி ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, நோயாளிக்குக் கொண்டாந்தத நீங்க ஏன் மொதல்ல குடிக்கிறீங்க?"

"அவருக்கு அப்படித்தாங்க பழக்கம்" என்றாள் சரசு. "நான் குடிச்சு அரை மணித்தியாலம் ஆகணும். எனக்கு ஒன்னும் ஆகலன்னா அவரு குடிப்பாரு."

"என்னா தேத்தண்ணி இது, இப்படி ஒரு வாடை வருது?"

"அவரே செஞ்ச தூளுங்க."

நான் குறுக்கே பாய்ந்து ஏதோ சொன்னேன். மிஸ்ஸி என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் சரசுவின் காலில் இருந்தது. வெறும் கால்.

"அக்கா, செருப்பு எங்க?"

"இறுக்குதுங்க. கழட்டிப் பையில வச்சிட்டேன்."

மிஸ்ஸி குனிந்து சரசுவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, வார்ட்டுக்கு வந்த முதல் நாள். மிஸ்ஸி நிமிர்ந்து சேலைக்கு மேலாகவே வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சரசு இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் இருக்குங்க."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "சொன்னா என்னா செஞ்சிருப்பீங்க? தம்பி ரெண்டு பேருக்கும் வச்சிட்டான்னு கத்தியிருப்பீங்க. விசாரிச்சிட்டு விட்டவன உள்ளயே தள்ளியிருப்பாங்க. எனக்கு வந்தா வரட்டும்னு இருந்தேன்."

டொக்டர் வந்தார். பிளாஸ்கை மோந்து பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். நான் சொன்னேன். ஓடைக் கரை, கொழுந்து, வாட்டியது, உருட்டியது எல்லாம் சொன்னேன். தலையணை உறைக்குள் இருந்த மாத்திரைகளையும் எடுத்துக் கொடுத்தேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் வந்தது கோபமா களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் மொதல் நாளே கேட்டது, ஐயா" என்றார். அவ்வளவுதான்.

சரசுவைப் பெண்கள் வார்ட்டில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து என் தூள் டின்னையும், ஓடைக் கரையிலிருந்து செடியையும் கொண்டு வர ஆள் வேண்டும். எங்களுக்கு என்று வேறு யார் இருக்கிறார்கள்? தியாகுதான் கொண்டு வந்தான். டின்னை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு, என் கட்டிலைத் தாண்டி அக்காவைப் பார்க்கப் போனான்.

பல்கலைக்கழகத்தில் செடிகளின் இரசாயனம் படிப்பிக்கும் ஒரு அம்மா, டொக்டருக்குத் தெரிந்தவர், டின்னை வாங்கிப் போய்ச் சோதித்துவிட்டு ஒரு நாள் நேரிலேயே வந்தார். மட்டக்களப்புத் தமிழ். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அது கிலுகிலுப்பை இனத்துச் செடி. அந்த இனத்தில் பல செடிகளில் ஒரு நஞ்சு உண்டு. அது வயிற்றில் ஒன்றும் செய்யாது. கல்லீரல் அதை உடைக்கப் பார்க்கும்போதுதான் விஷமாக மாறி, அந்த மயிரளவு குழாய்களைக் காயப்படுத்தி அடைக்கும். வாட்டினாலும் காய வைத்தாலும் போகாது.

"நீங்கள் பறிச்ச நுனியிலதான் அது கூடவா இருக்கு" என்றார். "பூச்சியும் ஆடும் இளசைத்தானே தேடி வரும்? செடி தன்ர காவலை அங்கதான் வைக்கும். தேயிலையிலயும் அதேதான். கொழுந்தில இருக்கிற வேகம் பூச்சிக்காக வைச்சது. எங்களுக்கு அது உற்சாகமா இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

இருபத்தாறு வருஷம் கொழுந்தோடு கிடந்த எனக்கு அது தெரியாது.

"களைநாசினி?" என்று கேட்டேன்.

"அதையும் பார்த்தம். இல்லை."

"நல்லா பாத்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு தரம் பார்த்தம் ஐயா."

முட்டி வற்றியது உண்மைதானே என்று விடாமல் கேட்டேன். வீக்கத்தைக் குறைக்கிற ஏதோ ஒன்று அந்தச் செடியில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அப்படிப்பட்டதைத் தேடுவதுதான் தன் வேலையே என்றார். ஆனால் ஒரே இலைக்குள் நல்லதும் கெட்டதும் சேர்ந்து கிடக்கும்போது, அதைப் பிரித்துப் பார்க்காமல் வாயில் வைக்கக் கூடாது. பத்துப் போட்டதைக்கூட அவர் நல்லது என்று சொல்லவில்லை, தோலில் புண் இருந்தால் உள்ளே இறங்கும் என்றார். அப்படியானால் வல்லாரையும் வேண்டாமா என்று மிஸ்ஸி கேட்டாள். தெரிந்த கீரையைத் தெரிந்த இடத்தில் பறித்துச் சாப்பிடுங்கள், மருந்தடித்த மலையில் பறிக்காதீர்கள், எதைக் குடித்தாலும் டொக்டர் கேட்டால் ஒளிக்காதீர்கள் என்றார். கடைசியைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். டின்னைத் திருப்பிக் கேட்க வாய் வந்தது. பக்குவத்தை எடுத்துக்கொள்வாரோ என்று அப்போதும் ஒரு நினைப்பு வந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

தூளை நிறுத்தியதும் என் வயிறு நாளுக்கு நாள் வடிந்தது. சரசுவுக்கு வடியவில்லை. அவள் ஒல்லியான உடம்புக்காரி. குடித்தது பாதிதான் என்றாலும் அவள் கல்லீரலுக்கு அதுவே அதிகம் என்றார் டொக்டர். கண் மஞ்சளானது. இரண்டு தடவை நீர் எடுத்தார்கள். சிலருக்கு அடைப்பு தானாகத் திறந்துகொள்ளும், சிலருக்குத் திறக்காது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட நாளில் எனக்கு வந்த பயம் என் வயிறு வீங்கியபோதுகூட வரவில்லை.

பார்வையாளர் நேரத்துக்கு என் வார்ட்டிலிருந்து பெண்கள் வார்ட்டுக்கு நடப்பேன். தியாகு முந்தியே வந்திருப்பான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, உப்பில்லாத சோற்றைப் பிசைந்து அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருப்பான். நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன். சரசு என்னைப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் அவள் போர்வையைச் சரி செய்யக் கையை நீட்டினேன், காலை இழுத்துக்கொண்டாள். தியாகு எழுந்து, தன் வாங்கைத் தள்ளி எனக்குக் கொடுத்துவிட்டு வெளியே போனான். உட்காராமல் நின்றேன்.

என்னை விடுவித்த பிறகு தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தேன். டொக்டரிடம் கேட்பதில்லை, சரசுவின் கட்டில் அட்டையில் எழுதியிருக்கும் நாடா அளவை நானே படித்துக்கொள்வேன். பதினேழாம் நாள் அது முதல் தடவையாக ஒரு விரற்கடை குறைந்திருந்தது. வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் கல்லீரலில் தழும்பு நின்றுவிட்டது. மாதா மாதம் கிளினிக், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், இனி கூடை தூக்கி மலை ஏற முடியாது. அவள் வீடு திரும்ப ஆறு வாரம் ஆனது.

அன்றைக்குத் தியாகு ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நான் பையை எடுத்தேன். சரசு ஆட்டோவில் ஏறவில்லை.

"மொதல்ல பொலிசுக்குப் போங்க" என்றாள். ஆறு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "என் தம்பி பேரு அங்க எழுதி இருக்கு. அத அழிக்காம நான் வீட்டுக்கு வர மாட்டேன்."

"விடு அக்கா, பரவால்ல" என்றான் தியாகு.

"நீ சும்மா இரு."

காவலறையில் அதே சார்ஜன் இருந்தார். முறைப்பாட்டை மீட்டுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் பெரிய புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தைத் தேடி எடுத்தார். என் கையெழுத்தை விரலால் காட்டினார். மச்சினன் விஷம் வைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் யாரும் விஷம் கொடுக்கவில்லை என்று எழுதவா என்று கேட்டார்.

அப்படி எழுதிவிட்டால் எனக்கு லேசாகப் போயிருக்கும். கதவுக்கு வெளியே சரசு தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் இன்னும் முழுசாகப் போகாத கண்.

"இல்லை சேர், கொடுத்தது உண்மை" என்றேன். "எனக்கு இல்லை. என் பெண்சாதிக்கு."

சார்ஜன் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "எஹெனம் வஹ துன்னே கவுத?" என்று கேட்டார். அப்படியானால் விஷம் கொடுத்தது யார் என்றுதான் கேட்டார்.

"மம, சேர்" என்றேன். நான்தான்.